வலி ஊசிக்கு நாள் குறித்த மகனுக்கு

தம்பி,

நேற்று முன்தினம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ ஓர் அறிவிப்புப் போட்டிருந்தாய். பங்குனியின் கடைசி வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது பத்திலிருந்து பத்து இருபதுக்குள், உன் முதல் குழந்தை பிறக்கும் என்று. புது வீட்டுக்குப் பால் காய்ச்ச அழைப்பது போல அத்தனை தெளிவாக இருந்தது. ‘அனைவரின் ஆசிகளையும் வேண்டுகிறோம்’ என்றுகூட முடித்திருந்தாய். சாயங்காலத்துக்குள் பதினேழு கட்டைவிரல்கள் உயர்ந்துவிட்டன. எனக்கு எதையும் எண்ணிப் பார்க்கிற பழக்கம் உண்டு. பார்த்த உத்தியோகம் அப்படி. அந்தப் பதினேழு பேரில் கர்ப்பப்பை உள்ளவர்கள் ஆறு பேர். இந்த மாதம் அது நிறைந்திருப்பவள் நம் குடும்பத்தில் ஒருத்திதான். அவள் கட்டைவிரலை உயர்த்தவில்லை. கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் அவளைக் குழுவில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை என்பது அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அந்த யாருக்கும் என்பதில் நானும் உண்டு.

அன்றே எனக்குத் தனியாக எழுதினாய். ‘அம்மா, பூங்கொடி உங்க பேச்சைத்தான் கேப்பா. நீங்க நர்ஸா இருந்தவங்க. பக்குவமா எடுத்துச் சொல்லி வெள்ளிக்கிழமை காலைல ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. வலி ஊசி போட்டுடலாம். டயத்துக்குள்ள ஆகலன்னா ஆபரேஷன்.’ இதற்கு என் பதில் சுருக்கமானது. சொல்ல மாட்டேன். கூட்டி வரவும் மாட்டேன். இனி வருவதெல்லாம் காரணங்கள். அவற்றையும் இதே குழுவில்தான் போடப்போகிறேன். தனியாக எழுதினால் நீ தனியாகச் சமாதானம் சொல்வாய். பிறகு உன் பெரியப்பா தனியாகச் சமாதானம் சொல்வார். எனக்கு வயது ஐம்பத்தொன்பது, ஒரே சமாதானத்தை இரண்டு தடவை கேட்கிற பொறுமை இல்லை.

பூங்கொடிக்கு டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி சித்திரை மூன்றாவது வாரத்தில் வருகிறது. சித்திரையில் பிள்ளை பிறந்தால் அப்பனுக்கு ஆகாது என்பது நம் குடும்பத்தின் அறிவியல். அதற்காகத்தான் அந்தக் காலத்தில் ஆடி மாதம் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். உன் விஷயத்தில் ஆடி மாதம் முழுக்க நீ வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த மாதம் பெரியப்பாவின் கவனம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. ‘சித்திரை அப்பன் தெருவிலே’ என்று அவர் சொல்லும் பழமொழி மாதத்தைக் குறிக்கிறதா நட்சத்திரத்தைக் குறிக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன். அவருக்கே நிச்சயமில்லை. அதனால் இரண்டையும் தவிர்த்துவிடச் சொன்னார். முந்தாநாள் போன் செய்து, “இன்னாம்மா, நீ படிச்சவ, நீயே இப்டி முறுக்கிகினா இன்னா அர்த்தம்? கொழந்த நல்லா கீதுன்னு ஸ்கேன்ல சொல்ட்டாங்கோ. வளர்த்தியும் முழுசா ஆயிட்ச்சு. அப்பறம் உள்ள குந்திகினு இன்னா பண்ணப்போவுது?” என்றார். “அதைத்தான் மாமா அதுவே முடிவு பண்ணணும்” என்றேன். “கொழந்த எப்டிம்மா முடிவு பண்ணும்? அதுக்கு இன்னா நாள் தெரியுமா கெழம தெரியுமா?” என்றார். தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். அதன் பெரிய தகுதியே அதுதான் என்பதை மட்டும் சொல்லாமல் போனை வைத்தேன்.

குழந்தையைப் போலவே நாளும் கிழமையும் தெரியாத இன்னொன்று கர்ப்பப்பைத் தசை, அதைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். இருபத்தெட்டு வருஷம் ஆவடிப் பக்கம் ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டில் நின்றவள் நான். எத்தனை வயிறுகளில் கை வைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கர்ப்பப்பை என்றால் ஏதோ பத்து மாதம் சும்மா தொங்கிக்கொண்டிருந்து கடைசி நாளில் விழித்துக்கொள்ளும் பை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது சும்மா இருந்ததே இல்லை. அது தசை. மாதவிலக்கின் போதும் சுருங்கும், கர்ப்பத்தின் நடுவிலும் சுருங்கும். நான்கைந்து மாதத்திலேயே மெல்ல இறுகித் தளரும்; சுமப்பவளுக்குத் தெரியவே தெரியாது. ஏழெட்டு மாதத்தில் வயிறு திடீரென்று பலகை போல இறுகுவது தெரியும். அதற்கு நம் ஊரில் சூட்டு வலி என்று பெயர். சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். அடங்கினால் சூட்டு வலி, அடங்காவிட்டால் ஆட்டோ. ஆஸ்பத்திரிக்காரர்களான நாங்கள் நாகரிகமானவர்கள், சூட்டு வலி என்று சொல்ல மாட்டோம். பொய் வலி என்போம்.

அந்தச் சொல்லை நான் பல வருஷம் மிகத் தாராளமாகப் பயன்படுத்தினேன். ஒரு மத்தியானம் மல்லிகா என்றொரு பூக்காரி, நிறைமாதக்காரி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் வயிற்றில் கை வைத்துக் கால் மணி நேரம் பார்த்தேன். எனக்குச் சாப்பாட்டு நேரம் என்பதால் அரை மணி பார்க்க வேண்டியதைக் கால் மணியில் முடித்துவிட்டேன். “பொய் வலிம்மா, வீட்டுக்குப் போ, போய்ப் படு” என்று அனுப்பினேன். ஒன்றரை மணி நேரத்தில் அதே மல்லிகா ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தாள். ஆட்டோவுக்குள்ளேயே பிரசவமாகியிருந்தது. உடன் வந்த பெண்ணின் முந்தானையில் குழந்தை சுற்றியிருந்தது, தொப்புள்கொடிகூட அறுபடவில்லை. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி வார்டே கேட்கும்படி, “இன்னா சிஸ்டரு, பொய்யி வலின்னு சொல்லித் தொர்த்துனியே, இந்தா பாரு, பொய்யி எப்டிக் கத்துதுன்னு!” என்றாள். வார்டில் இருந்த அத்தனை பேரும், வலியில் இருந்தவர்கள் உட்பட, சிரித்தார்கள். அந்தப் பெண் குழந்தைக்கு அவள் சத்யா என்று பெயர் வைத்தாள். தடுப்பூசிக்கு வரும்போதெல்லாம் என்னைத் தேடி வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் காட்டுவாள். அதற்குப் பிறகு எந்தப் பெண்ணிடமும் உன் வலி பொய் என்று நான் சொன்னதில்லை. தசை இன்னும் ஒன்றுசேரவில்லை என்று சொல்வேன். உண்மை அதுதான்.

ஒன்றுசேர்வது என்றால் என்ன என்று உனக்குப் புரியும்படி சொல்கிறேன். பூந்தமல்லியில் நீ வாங்கியிருக்கும் அடுக்குமாடியை எடுத்துக்கொள். நாலு பிளாக். எதிர்வீட்டுக்காரர் பெயர் உனக்குத் தெரியாது, உன் பெயர் அவருக்குத் தெரியாது. ஆளுக்கு ஒரு கதவு, ஆளுக்கு ஒரு எரிச்சல். மூன்றாம் மாடியில் ஒருவர் கத்தினால் நாலாம் மாடியில் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொள்வார்கள். கர்ப்பத்தின் பெரும்பகுதியில் கர்ப்பப்பையின் தசைச் செல்கள் அப்படித்தான் இருக்கின்றன. இங்கே ஒன்று சுருங்கும், அங்கே ஒன்று சுருங்கும், ஊர் கூடாது. அமைதியைக் காக்க ஒரு ஹார்மோன், குடியிருப்புச் சங்கச் செயலாளர் மாதிரி, சுற்றிவந்துகொண்டே இருக்கும். பிறகு ஒருநாள் தண்ணீர் லாரி வரவில்லை. உடனே எல்லாரும் எல்லாரிடமும் பேச ஆரம்பிக்கிறீர்கள், குழு ஒன்று உருவாகிறது, சாயங்காலம் நாலு பிளாக்கும் ஒரே குரலில் வாசலில் நிற்கிறது. நிறைமாதத்தில் நடப்பது இதுதான். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் பொடிப்பொடியாகக் கதவுகள் முளைக்கின்றன. ஓர் இடத்தில் கிளம்பிய சுருக்கம் தசை முழுக்கப் பரவுகிறது. அதுவரை ஆளுக்கொரு முணுமுணுப்பாக இருந்தது, அன்றைக்கு வலி ஆகிறது.

இப்போது உன் வலி ஊசிக்கு வருவோம். அந்த மருந்து வெளியிலிருந்து வந்து அழைப்பு மணி அடிக்கிற ஆள். மணியே இல்லாத வீட்டில் அவன் எதை அடிப்பான்? கர்ப்பத்தின் முற்பகுதியில் அந்தத் தசையில் அந்த மருந்துக்கான மணிகள் மிகக் குறைவு. பாட்டில் பாட்டிலாக ஏற்றினாலும் கதவு திறக்காது. மாதம் ஏற ஏற மணிகள் கூடும். பிரசவம் நெருங்கும்போது சுவரெல்லாம் மணியாக இருக்கும், விரல் பட்டாலே நாலு பிளாக்கும் எழுந்து ஓடிவரும். மருந்து ஒன்றுதான், அளவும் ஒன்றுதான், கேட்கிற காது வேறு. வயிற்றுப் புண்ணுக்காக வந்த ஒரு மாத்திரையைப் பிரசவ வார்டிலும் வைத்திருந்தோம். ஆரம்ப மாதத்தில் கரு கலைந்துபோனவளுக்கு அதில் பெரிய அளவு தேவைப்படும். நிறைமாதக்காரிக்கு அதில் ஒரு துணுக்குப் போதும், முழு மாத்திரை கொடுத்தால் கர்ப்பப்பையே கிழியலாம். எங்கள் வார்டில் புது நர்ஸ் வந்தால் முதலில் கற்றுக்கொடுக்கும் பயம் அதுதான். உன் பெரியப்பா ‘ஒரு ஊசிதானம்மா’ என்கிறார். அவருக்கு ஊசி ஒன்று. ஆறாம் மாதத்தில் அது தண்ணீர், ஒன்பதாம் மாதக் கடைசியில் அது சாட்டை. நடுவில், முப்பத்தேழாவது வாரத்தில், ஒரு குறிப்பிட்ட பெண்ணின் தசையில் பாதி மணி பொருத்தியிருக்கிறதா முழுதும் பொருத்தியிருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்து நிச்சயமாகச் சொல்ல, உனக்கு நேரம் குறித்துக் கொடுத்த கரையான்சாவடி ஜோதிடருக்கும் முடியாது. டாக்டருக்கே கஷ்டம். கர்ப்பப்பை வாய் இளகியிருக்கிறதா என்று கையால் பார்த்துக் கொஞ்சம் ஊகிப்பார். பூங்கொடிக்கு இளகவில்லை என்று அவர் எழுதிக் கொடுத்த சீட்டு உன் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் நான் எப்படி இத்தனை நிச்சயமாகச் சொல்கிறேன் என்று நீ கேட்கலாம். படித்தது பாதி. மீதியை என் உடம்பில் தெரிந்துகொண்டேன். இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லாத பகுதி அதுதான், குழுவில் உள்ள மற்றவர்களும் உட்கார்ந்து கேட்கலாம்.

உனக்கும் டாக்டர் சித்திரையில்தான் நாள் குறித்திருந்தார். உன் பெரியப்பா அப்போது இளைஞர், கையில் பஞ்சாங்கத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு மேனாம்பேட்டு ஜோதிடரிடம் நடையாய் நடந்தார். உன் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். சாந்தமானவர், ‘உனக்கு எது சரின்னு படுதோ’ என்பதைத் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டார். எனக்கு எது சரியென்று பட்டது தெரியுமா? என் புருஷன் உயிர் பெரிதென்று பட்டது. நான் படித்தவள், வெள்ளைச் சீருடை போட்டவள், மற்றவர்களின் மூடநம்பிக்கையைப் பார்த்து டீ நேரத்தில் சிரிப்பவள். பங்குனி கடைசி நாள் காலையில் நானாகவே நடந்து வார்டுக்குப் போய், விடியற்காலையிலிருந்து பனிக்குடம் கசிகிறது என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். கசியவில்லை. எந்தப் பொய்யைச் சொன்னால் டிரிப் ஏற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான். நர்ஸ் சொல்கிறாள் என்று அவர் நம்பினார். என் தோழி ரோஸ்லின் சிஸ்டர் ஊசி குத்தி, மெதுவாகச் சொட்டும்படி வைத்தாள்.

மத்தியானம் வரை ஒன்றும் இல்லை. உன் கர்ப்பப்பை, அதாவது நீ இருந்த என் கர்ப்பப்பை, காது கேளாதது போல இருந்தது. ரோஸ்லின் மணிக்கொரு தரம் கொஞ்சம் கூட்டினாள். வெளியே பெரியப்பா கடிகாரம் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். டிரிப் குழாயில் ஒரு சின்னச் சக்கரம் உண்டு, கட்டைவிரலால் உருட்டினால் சொட்டு வேகமாகும். மூன்று மணிக்கு ரோஸ்லின் டீ குடிக்கப் போனாள். நான் கையை நீட்டி அந்தச் சக்கரத்தை உருட்டினேன். இன்னொரு பெண் செய்திருந்தால் அவள் கையைத் தட்டிவிட்டிருப்பேன். சற்று நேரத்தில் வயிறு இறுகியது. இறுகியது தளரவில்லை. ஒரு வலி வந்து போய் அடுத்தது வருவதுதான் முறை. அன்று வந்தது போகவே இல்லை, அதன் மேலேயே அடுத்தது ஏறியது. ரோஸ்லின் ஓடிவந்து வயிற்றில் கை வைத்தாள், கூம்புக் குழலை வயிற்றில் வைத்து உன் இதயத்துடிப்பைக் கேட்டாள், சக்கரத்தைப் பார்த்தாள். “யாருடி இதுல கை வச்சது?” என்றாள். அவள் குழாயையே பிடுங்கிப் போட்டுவிட்டு, “டாக்டர்!” என்று கத்தியபடி ஓடினாள். இருபத்தெட்டு வருஷத்தில் ரோஸ்லின் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன், அப்பன் ஆகப்போகிறவன் தெரிந்துகொள்ள வேண்டியது. தசை இறுகும்போது குழந்தைக்குப் போகும் ரத்தம் நெரிபடுகிறது. வலி தளரும்போதுதான் மறுபடி ஓடுகிறது. இரண்டு வலிக்கு நடுவிலுள்ள ஓய்வில்தான் குழந்தை மூச்சு வாங்கிக்கொள்கிறது. பிரசவ வார்டில் கத்துகிற வலியை விட, கத்தாத அந்த இடைவெளியைத்தான் நாங்கள் கவனிப்போம். அன்று உன் இடைவெளியை நான் திருடினேன். அரை மணிக்குள் வயிற்றைக் கிழித்து உன்னை எடுத்தார்கள். நீலமாக இருந்தாய், அழவில்லை. அழ வைக்க நேரமானது. ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாய். அதற்குள் என் கதை வேறு: அத்தனை மணி நேரம் மருந்தைக் கேட்டுக் களைத்துப்போன தசை, குழந்தை வெளியே வந்த பிறகு சுருங்க மறுத்துவிட்டது. சுருங்காவிட்டால் ரத்தம் நிற்காது. உன் அப்பாவுடன் லேத்தில் நின்ற இரண்டு பேர், எண்ணெய் படிந்த சட்டையோடு வந்து ரத்தம் கொடுத்தார்கள். உட்கார முடிந்ததும் டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். “நீ நர்ஸாடி, இல்ல பஞ்சாங்கமா?” என்றார். அதோடு விட்டிருக்கலாம். விடாமல் என் கட்டிலில் உட்கார்ந்து, நான் மேலே உனக்குச் சொன்ன அழைப்பு மணிக் கணக்கையெல்லாம் விளக்கினார். வேலையை விட்டுத் தூக்கியிருக்க வேண்டியவர், பாடம் எடுத்துவிட்டுப் போனார்.

ஊருக்கு என்ன சொன்னோம் தெரியுமா? ‘பையனுக்கு அவசரம், முன்னாலேயே வந்துட்டான்.’ நீ வளர வளர அதுவே உன் குணமாகிவிட்டது. செருப்பை மாற்றிப் போட்டால் அவசரக்காரன், பரீட்சையில் கேள்வியை விட்டுவிட்டால் பிறவி அவசரம். நீயே உன் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தம்பி, உனக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை. இன்னும் மூன்று வாரம் இருந்துகொள்கிறேன் என்றுதான் நீ இருந்தாய். அவசரம் எங்களுடையது, அதை உன் பெயரில் எழுதிவிட்டோம். இத்தனை வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்கிறேன். காலம் கடந்த மன்னிப்புதான், ஆனாலும் இது உன்னுடையது, எடுத்துக்கொள்.

பங்குனியில் பிறந்தாய். உன் அப்பா உன் ஒன்பதாவது வயதில், ஓர் ஐப்பசிக் காலையில், லேத்துக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். சித்திரையைத் தவிர்த்து அவரைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தவள் நான். காரியம் முடிந்த பிறகு பெரியப்பாவிடம் கேட்டேன், நல்ல மாதம் பார்த்துத்தானே பெற்றோம் என்று. அவர் யோசித்தார். “பங்குனி கடேசி நாளாச்சேம்மா, சித்திரை நெழலு பட்டுகினு கீது” என்றார். அவரும் தம்பியைப் பறிகொடுத்தவர், அழுதுகொண்டேதான் சொன்னார், கோபித்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் அன்று ஒன்று விளங்கியது. நாம் இன்னும் ஒரு வாரம் முன்னால் பிடுங்கியிருந்தாலும் நிழல் இன்னும் ஒரு வாரம் நீண்டிருக்கும். தோற்கவே தோற்காத கணக்கு அது. அதில் தோற்பவர்கள் எப்போதும் வயிற்றுக்குள் இருப்பவர்களும் வயிற்றைச் சுமப்பவர்களும்தான்.

உன் பயம் எனக்குத் தெரியும். உனக்கு முப்பத்திரண்டு. உன் அப்பா போனபோது அவருக்கு முப்பத்தெட்டு. போன வருஷம் வாய்வுப் பிடிப்புக்கெல்லாம் மூன்று தடவை ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டாய், பூங்கொடிக்குத் தெரியாமல் எடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாய், சீட்டை அவள்தான் என்னிடம் காட்டினாள். சாகப் பயப்படுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து உனக்குத்தான் கொடுக்க வேண்டும், அவளுக்கு ஏற்றக் கூடாது. நெஞ்சு டாக்டரிடம் போ, நடைப்பயிற்சி செய், பிரியாணியைக் குறை. வேப்பம்பட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ பரிகாரக் கோயில் இருக்கிறதென்றால் அங்கேயும் போய் வா, நான் சிரிக்க மாட்டேன், கூடவே வருகிறேன். அவள் தசையில் மட்டும் கை வைக்காதே.

ஊசிக்கு நான் எதிரி என்று யாரும் குழுவில் எழுத வேண்டாம். அதே ஊசியால் பிழைத்தவர்களை நான் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். பூங்கொடிக்கு ரத்த அழுத்தம் ஏறினாலும், பனிக்குடம் உடைந்து வலி வராவிட்டாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், நாள் கடந்து போனாலும், ஊசி போடுங்கள் என்று முதலில் கேட்பவள் நானாகத்தான் இருப்பேன். பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். அந்தக் காரணங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. இருக்கும் ஒரே நோய் பங்குனி முடிகிறது என்பது.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஆட்டோ பிடித்து இங்கே வந்துவிட்டதை அவள் கோபத்தில் செய்ததாக நீ நினைக்கிறாய். பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று அவள் கேட்ட முதல் கேள்வி, “அத்தை, நீங்க எந்தக் கட்சி?” என்பது. தேனிக்காரப் பெண், நேராகத்தான் கேட்பாள். “முதல்ல உள்ள வந்து உக்காரு, கட்சி அப்பறம்” என்றேன். உட்காரவில்லை. “இல்ல அத்தை, தெரிஞ்சுக்கிட்டுதான் உக்காருவேன். வெள்ளிக்கிழம சாஃப்ட்வேர் ரிலீஸ் வேண்டாம்னு அவரு ஆபீஸ் டீமுக்கு அவரே ரூல் போட்டு வச்சிருக்காரு. நான் டெஸ்டர். முழுசா டெஸ்ட் பண்ணாம எதையும் வெளிய விட மாட்டேன். இத மட்டும் வெள்ளிக்கிழம காலைல ஒன்பது பத்துக்கு விடணுமாம்” என்றாள். சொல்லும்போதே வயிறு இறுகிவிட்டது, சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் கை வைத்துப் பார்த்தேன். இறுகியது, தளர்ந்தது, அடுத்தது வரவில்லை. “பொய் வலியா அத்தை?” என்றாள். “இல்லடி, ஒத்திகை” என்றேன். அப்போதுதான் உட்கார்ந்தாள்.

அவளுக்கு நான் எதையும் எடுத்துச் சொல்லவில்லை, உன் பக்கமும் சொல்லவில்லை, என் பக்கமும் சொல்லவில்லை. என் கதையை மட்டும் சொன்னேன், நீ இப்போது படித்ததை. அவள் முழுதும் கேட்டுவிட்டுச் சக்கரத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “உருட்டும்போது தப்புன்னு தெரிஞ்சுதா அத்தை?” தெரிந்தது என்றேன். இன்று காலை அவளே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வெள்ளிக்கிழமை படுக்கை வேண்டாம், அடுத்த பரிசோதனைக்கு டாக்டர் சொன்ன நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அந்தப் பக்கத்தில் யாரோ, வீட்டுப் பெரியவர்களைக் கேட்டீர்களா என்று கேட்டிருக்க வேண்டும். “கையெழுத்துப் போடப்போறது நான்தாங்க” என்று இவள் சொன்னது சமையலறை வரை கேட்டது. நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கருகிவிட்டன.

கல்யாணத்தன்று உனக்கு எந்தப் புத்திமதியும் நான் சொல்லவில்லை. மண்டபத்தில் மைக் சத்தம், சொன்னாலும் கேட்டிருக்காது. இப்போது ஒன்று சொல்கிறேன். ஓர் உடம்பு எப்போது எதற்குத் தயார் என்று அந்த உடம்புக்குள் இருப்பவர்களிடம் கேள். பதில் வர நேரமாகும். அந்த நேரத்தில் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், நான் சும்மா இருக்க முடியாமல்தான் கையை நீட்டினேன். பெரியப்பா இனி இங்கே போன் செய்யலாம், வரலாம், சாப்பிடலாம். பஞ்சாங்கத்தை மட்டும் ஸ்கூட்டரிலேயே விட்டுவிட்டு வரட்டும். நாளை வெள்ளிக்கிழமை விடியற்காலையில் யாராவது கார் எடுத்து வந்து வாசலில் ஹாரன் அடித்தால், கேட்டைத் திறக்கப் போவதில்லை. பிரசவ வார்டில் என்னைத் தாண்டி யாரும் உள்ளே வந்ததில்லை. பழக்கம் விடவில்லை.

இவ்வளவையும் எழுதி முடித்து, அனுப்புவதற்கு முன் பூங்கொடியிடம் படிக்கக் கொடுத்தேன். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி கடைசி வரை படித்தாள். சில இடங்களில் போனைத் தள்ளி வைத்துவிட்டுப் பிறகு எடுத்தாள். “நல்லாருக்கு அத்தை. ஆனா அவரு பயந்திருக்கும்போது இம்புட்டு நீளத்தப் படிக்க மாட்டாரு. நான் ரெண்டு வரி போட்டுக்கிறட்டுமா?” என்றாள். போடு என்றேன். கீழே இருப்பது அவள் எழுதியது, நான் ஓர் எழுத்தும் மாற்றவில்லை.

நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்கு வரலங்க. உங்களுக்குப் பயமா இருந்தா இங்க வந்து என் பக்கத்துல உக்காருங்க.